ஒரு வாளும் ஒரு கையொப்பமும்



நம் முதியோரின் வாயில் இன்றும் 'எம்டன்' என்ற சொல் புழங்குகின்றது. எளிதில் பிடிபடாதவன், எவரையும் ஏய்க்க வல்லவன், நினைத்ததை முடிக்கும் துணிச்சல்காரன், இவர்கள் அனைவரும் எம்டன்களே. சிறு வயதில் என் அப்பு என்னை அச்சொல்லால் ஏசியதுண்டு, பாராட்டியதும் உண்டு. அது ஒரு ஜேர்மானியப் போர்க்கப்பலின் பெயர் என்பதைக் குருமடத்தில் சேர்ந்த பின்னரே அறிந்துகொண்டேன். அந்தக் கப்பலின் பெயரைச் சுமந்துகொண்டு சென்ற தவக்காலத்தில் ஒரு வினா என் வாசலுக்கு வந்தது. அதைப் பற்றியே இன்று எழுத விழைகின்றேன். சற்று நீண்ட பதிவு, பொறுமையோடு வாசியுங்கள். உரிய இரு குடும்பத்தாரின் இசைவோடும், அவர்களின் பெயர்களைத் தவிர்த்தும் எழுதுகின்றேன்.

கேரம் டவுன்ஸில் வசிக்கும் நம் உறவு ஒருவரின் அயல்வீட்டில், தொண்ணூறு வயதைக் கடந்த அவுஸ்திரேலிய மூதாட்டி ஒருவர் தனித்து வாழ்ந்து வந்தார். புல் வெட்டுவது, மருந்து வாங்கிக் கொடுப்பது, குப்பைத் தொட்டியை வெளியே வைப்பது என்று பல ஆண்டுகளாக நம்மவர் அவருக்கு உதவி வந்தார். முதியோர் இல்லத்திற்குச் செல்லும் வேளையில் அந்த அம்மையார் கராஜிலிருந்த பழைய வாள் ஒன்றை எடுத்து நம்மவர் கையில் கொடுத்தார். முதலாம் உலகப் போரிலிருந்து தம் தந்தை கொண்டுவந்தது என்றும், எம்டன் கப்பல் அதிகாரி ஒருவருடையது என்றும் கூறினார்.

வாளை வாங்க ஒருவர் முன்வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை: 'இது எம்டன் கப்பல் அதிகாரியின் வாள்' என எழுதிக் கையொப்பமிட்டுத் தரவேண்டும். கடிதம் இருந்தால் ஒரு விலை. இல்லாவிட்டால் அதில் சிறு பங்கு. நம்மவருக்கு வீட்டுக் கடன் இருந்தது, மகளின் பல்கலைக்கழகப் படிப்பு இருந்தது, ஊரில் நோயுற்ற தாயும் இருந்தார்.

"பாதர், அந்த அம்மா சொன்னதைத்தானே எழுதப் போறன். ஒரு கையெழுத்துத்தானே. ஆருக்கு என்ன நட்டம்?" என்று கேட்டார்.

நான் உடனே மறுமொழி கூறவில்லை. முதலில் வேறொன்றைச் சொன்னேன். விக்டோரியா மாநிலத்தில் 2004ஆம் ஆண்டு முதல் வாள், தடைசெய்யப்பட்ட ஆயுதங்களின் பட்டியலில் உள்ளது. உரிய விலக்கோ அனுமதியோ இன்றி அதை வைத்திருப்பதும் வாங்குவதும் விற்பதும் குற்றமாகும். அன்பளிப்பாகக் கிடைத்தது, பழம்பொருள் என்பவை மட்டும் போதிய விடையாகா. எனவே, "தம்பி, வாளைக் காரில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டு வரவேண்டாம், முதலில் பொலிஸ் நிலையத்தைக் கேளும்" என்றேன். அவரும் அவ்வாறே கேட்டு, அவர்கள் காட்டிய வழிப்படி, விலக்குப் பெற்ற சேகரிப்பாளர் ஒருவரின் பொறுப்பில் வாளை ஒப்படைத்தார். இத்தகைய பொருள் உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இருந்தால், முதற்படி இதுவே.

அதன் பின்னரே, 'இது எம்டனின் வாளா?' என்ற வினாவைக் கையில் எடுத்தோம்.

எம்டன் 1908இல் ஜேர்மனியின் டான்சிக் துறைமுகத்தில் நீரில் இறக்கப்பட்ட இலகு ரகப் போர்க்கப்பல். 1914 ஓகஸ்ட் மாதத்தில் போர் மூண்டபோது சீனக் கடற்பகுதியில் நிலைகொண்டிருந்த ஜேர்மானியக் கடற்படைப் பிரிவிலிருந்து தனியே பிரிந்து, கப்டன் கார்ல் ஃபொன் முல்லரின் தலைமையில் இந்து சமுத்திரத்திற்குள் நுழைந்தது. அதற்கு உண்மையில் மூன்று புகைபோக்கிகளே இருந்தன. பொய்யான நான்காவது புகைபோக்கி ஒன்றைப் பொருத்தி, தூரத்தில் காண்போர் பிரித்தானியக் கப்பல் என எண்ணும்படி செய்தனர். எம்டனின் கதையே ஒரு வேடத்தோடு தொடங்குகின்றது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1914 செப்டெம்பர் 22ஆம் நாள் இரவு ஒன்பதரை மணியளவில் எம்டன் சென்னைக் கடற்கரைக்கு முன் தோன்றி, பர்மா எண்ணெய்க் கம்பனியின் தாங்கிகளின் மீது குண்டு பொழிந்தது. ஏறத்தாழ அரை மணி நேரத்தில் நூற்று இருபதுக்கும் மேற்பட்ட குண்டுகள். எண்ணெய்த் தாங்கிகள் தீப்பற்றின, சிலர் உயிரிழந்தனர், அடுத்த நாட்களில் மக்கள் கூட்டம் கூட்டமாக நகரை விட்டு வெளியேறினர். இன்றும் சென்னை உயர்நீதிமன்ற மதிலில் அந்த இரவை நினைவூட்டும் கல் பதிக்கப்பட்டுள்ளது. அங்கிருந்து இலங்கைப் பக்கம் திரும்பிய எம்டன், கொழும்புத் துறைமுகத்தின் தேடொளி விளக்குகள் கண்ணில் படும் தொலைவு வரை வந்து, அக்கடற்பரப்பில் வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. ஒக்டோபர் 28இல் பினாங்குத் துறைமுகத்தினுள் புகுந்து ரஷ்யப் போர்க்கப்பல் ஒன்றையும், வெளியேறும் வழியில் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றையும் அழித்தது. சில வாரங்களுக்குள் ஒரு கப்பலின் பெயர் தமிழிலும் சிங்களத்திலும் பேச்சுவழக்குச் சொல்லாகிவிட்டது.

இந்தக் கதையின் முடிவில்தான் அவுஸ்திரேலியா வருகின்றது. 1914 நவம்பர் 1ஆம் நாள், அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைவீரரை ஏற்றிய முதலாவது கப்பல் தொகுதி மேற்கு அவுஸ்திரேலியாவின் அல்பனியிலிருந்து புறப்பட்டது. நவம்பர் 9 காலையில் கொக்கோஸ் தீவுகளிலிருந்து, 'அந்நியக் கப்பல் ஒன்று வருகின்றது' என்ற தந்திச் செய்தி அத்தொகுதிக்குக் கிடைத்தது. காவலுக்குச் சென்ற கப்பல்களுள் நம் நகரின் பெயர் தாங்கிய மெல்பேர்ணும் ஒன்று. அதன் கப்டனே காவற்பணிக்குப் பொறுப்பாளராக இருந்தமையால், தாம் விலகிச் செல்லாமல் சிட்னி என்னும் கப்பலை அனுப்பினார். கப்டன் ஜோன் குளோசப்பின் கட்டளையில் சென்ற சிட்னியின் பீரங்கிகள் எம்டனின் பீரங்கிகளைவிடப் பெரியவை. சிதைந்து தீப்பற்றிய எம்டனை அதன் கப்டன் வடக்கு கீலிங் தீவின் பவளப்பாறையில் ஏற்றி நிறுத்தினார். எம்டனில் நூற்று முப்பதுக்கும் மேற்பட்டோரும், சிட்னியில் நால்வரும் உயிரிழந்தனர்.

இனி வாள்களுக்கு வருவோம். உயிர் பிழைத்த எம்டன் வீரருக்குப் போர் மரியாதை அளிக்கப்பட வேண்டும் என்றும், கப்டனிடமும் அதிகாரிகளிடமும் இருந்து வாள்களைப் பறிக்கலாகாது என்றும் பிரித்தானியக் கடற்படைத் தலைமை ஆணையிட்டது. சரணடைந்த அதிகாரியிடமிருந்து வாளை வாங்குவது அவனது தோல்வியின் அடையாளம். வாளை அவனிடமே விட்டுவைப்பது அவனது மாண்பை ஏற்றுக்கொள்வது. அக்காலப் போர்மரபு அவ்வாறு இருந்தது. நவம்பர் 15இல் சிட்னி கொழும்புத் துறைமுகத்தினுள் நுழைந்தபோது, காயமுற்ற ஜேர்மானியர் கப்பலில் இருப்பதால் வெற்றி ஆரவாரம் எழுப்ப வேண்டாம் என்று குளோசப் கேட்டுக்கொண்டார். துறைமுகத்தில் நின்ற படைக்கப்பல்களில் இருந்த ஆயிரக்கணக்கான இளைஞர் மௌனமாக நின்றனர். போரின் கொடுமைகள் இன்னும் முழுமையாகத் தொடங்காத நாட்கள் அவை.

இந்த வரலாற்றிலிருந்தே நம் வினாவுக்கு முதல் எச்சரிக்கை கிடைக்கின்றது. எம்டனில் இருந்த அதிகாரிகள் சிலரே. கப்பல் எரிந்தது. எஞ்சியோரின் வாள்களைப் பறிக்கலாகாது என்பது ஆணை. கரையிறங்கியிருந்த ஃபொன் மூக்கேயின் குழுவோ 'ஆயிஷா' என்ற பாய்க்கப்பலில் தப்பி, சுமாத்திராவையும் அரேபியாவையும் கடந்து 1915இல் கொன்ஸ்தாந்திநோபிளை அடைந்தது. ஆகவே 'எம்டன் அதிகாரியின் வாள்' ஒன்று மெல்பேர்ணின் கராஜில் கிடந்தால், அது அங்கே எப்படி வந்தது என்பதற்கு ஒரு விளக்கம் வேண்டும். இயலாது என்று சொல்லவில்லை. விளக்கம் வேண்டும் என்றே சொல்கின்றேன்.

எம்டனின் நினைவுப் பொருள்கள் அவுஸ்திரேலியாவில் உள்ளன, அதில் ஐயமில்லை. சிட்னி நகரின் ஹைட் பார்க்கில் 1917 முதல் எம்டனின் பீரங்கி ஒன்று நிற்கின்றது. கப்பலிலிருந்து மீட்கப்பட்ட மெக்சிக்க வெள்ளி டொலர்களுள் ஏறத்தாழ ஆயிரம் நாணயங்களுக்குச் சிட்னியைச் சேர்ந்த கெர் என்ற நகைக்கடையில் மேலே கிரீடமும், நாளும் கப்பல்களின் பெயர்களும் பொறித்த பட்டிகளும் பொருத்திப் பதக்கங்களாக்கினர். அவை சிட்னியின் மாலுமிகளுக்கும் பிறருக்கும் வழங்கப்பட்டன. கப்பலின் பெயர்ப்பலகையை 1933இல் அவுஸ்திரேலிய அரசு ஜேர்மனிக்கே திருப்பி அளித்தது. இவற்றுக்கெல்லாம் யார் எடுத்தார், எங்கே வைத்தார், யாருக்குக் கொடுத்தார் என்ற தொடர் உண்டு. அந்தத் தொடரே பொருளின் பிறப்புச் சான்றிதழ்.

தொடர் இல்லாத இடத்தில் கதை நுழைகின்றது. செண்பகராமன் பிள்ளை எம்டனில் இருந்தபடியே சென்னையின் மீது குண்டு வீசச் செய்தார் என்று தமிழில் நூறு முறை எழுதப்பட்டுவிட்டது. அவர் மெய்யான விடுதலைப் போராளி, ஐயமில்லை. ஆனால் 1914இன் அந்த மாதங்களில் அவர் சூரிச்சிலும் பின்னர் பேர்லினிலும் இந்திய விடுதலைக்காக அமைப்புகளைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் கப்பலில் இருந்தார் என்பதற்கு உறுதியான ஆதாரம் எதுவும் இல்லை. அவரது உண்மையான தொண்டு கப்பலேறாமலேயே பெருமைக்குரியது. பொய்ப் பெருமையைச் சூட்டும்போது மெய்ப் பெருமை மறைந்துபோகின்றது.

இது தீங்கற்ற புனைவு என்று சிலர் கூறலாம். இலங்கையில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகள் ஆயிரக்கணக்கில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டிருந்தனர். அவர்களுள் எங்கல்பிரெக்ட் என்பவர் பிரித்தானிய மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்தமையால் நாடு திரும்ப இயலாமல் இங்கேயே தங்கி, யால வனவிலங்குச் சரணாலயத்தின் முதல் காப்பாளரானார். எம்டனுக்கு இவர் இறைச்சிக்கு மாடுகள் கொடுத்தார் என்று யாரோ ஒரு கதையைக் கட்டிவிட்டனர். அந்தக் கதையை நம்பி அவரைச் சிறையில் அடைத்தனர். அது பொய் என்பது பின்னர் தெளிவாயிற்று. ஆனால் சிறையில் கழிந்த நாட்களை யார் திருப்பிக் கொடுப்பது? எம்டன் என்ற பெயரோடு ஆதாரமின்றி ஒட்டப்பட்ட ஒரு வாக்கியம் ஒரு மனிதனின் வாழ்வைக் குலைத்தது. 'ஆருக்கு என்ன நட்டம்?' என்ற வினாவை நான் கேட்டபோது என் நினைவுக்கு வந்தவர் இவரே.

சரி, வாளை எப்படி வாசிப்பது? சேகரிப்பாளரான அந்த அன்பர் எனக்குப் பொறுமையோடு கற்றுத் தந்தார். வாள் பேசும், ஆனால் அது தன்னைப் பற்றி மட்டுமே பேசும், தன்னை வைத்திருந்தவரைப் பற்றி மிகக் குறைவாகவே பேசும் என்பது அவரது முதற்பாடம்.

ஜேர்மானியக் கடற்படை அதிகாரியின் வாளில் பிடியின் உச்சி பெரும்பாலும் சிங்கத் தலையாக இருக்கும். சிங்கத்தின் கண்களில் ஒன்று சிவப்புக் கண்ணாடி, மற்றொன்று பச்சை; கப்பலின் இடப்புற, வலப்புற விளக்குகளின் நிறங்கள் அவை. பிடி யானைத் தந்தத்தால் ஆனது, அல்லது பிற்காலத்தில் செலுலாயிட்டால் ஆனது. கைக்காப்பில் நங்கூரம் இருக்கும். சிங்கத் தலையை மட்டும் கண்டு கடற்படை என்று முடிவு செய்துவிடலாகாது. தரைப்படை அதிகாரிகளின் வளைந்த வாள்களிலும் சிங்கங்கள் உண்டு. நங்கூரம் இருக்கின்றதா என்று பார்க்க வேண்டும்.

பிரஷ்யக் காலாட்படை அதிகாரியின் 1889ஆம் ஆண்டு மாதிரி வாள் இதிலிருந்து முற்றிலும் வேறு. அதன் அலகு நேரானது. கைக்காப்பில் பிரஷ்யக் கழுகு குடைந்து அமைக்கப்பட்டிருக்கும். அக்காப்பின் ஒரு பக்கத்தை மடக்கலாம். பிடியில் மீன்தோல் சுற்றி, அதன்மேல் உலோகக் கம்பி முறுக்கி, இரண்டாம் வில்ஹெல்ம் மன்னனின் பெயரெழுத்தைப் பதித்திருப்பர்.

சாதாரணக் குதிரைப்படை வீரனுக்கு அரசே வாள் வழங்கியது. ஆகவே அலகின் முதுகில் கிரீடமும், மன்னனின் பெயரெழுத்தும், ஆண்டின் கடைசி இரு இலக்கங்களும் குத்தப்பட்டிருக்கும். கைக்காப்பில் படைப்பிரிவின் எண்ணும் ஆயுதத்தின் எண்ணும் இருக்கும். அதே எண் உறையிலும் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே வாழ்ந்தவை. அதிகாரிகளோ தம் செலவில் வாள் வாங்கினர். எனவே அவர்களது வாளில் அரச முத்திரை இல்லாதது குறையன்று.

அடுத்தது தயாரிப்பாளரின் முத்திரை. ஜேர்மானிய வாள்களுள் பெரும்பாலானவை சோலிங்கன் என்ற ஒரே நகரிலிருந்து வந்தவை. ஐக்கோர்ன் நிறுவனத்தின் அடையாளம் அணில்; ஒரு காலத்தில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை அணில், மற்றொரு காலத்தில் வாளேந்திய ஒற்றை அணில். வையர்ஸ்பேர்க் கிர்ஷ்பௌம் நிறுவனத்திற்கு அரசன் தலையும் போர்வீரன் தலையும். முத்திரையின் வடிவம் காலத்துக்குக் காலம் மாறியதால், 1914க்கு உரியது என்று சொல்லப்படும் வாளில் 1930களின் முத்திரை இருந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

இறுதியாகத் தேய்மானம். மடக்கும் காப்பின் கீல், நூறு ஆண்டுகள் அசைந்த இடத்தில் மட்டும் தேய்ந்திருக்க வேண்டும். மீன்தோல் சுருங்கி, அதன் தையல் விளிம்பில் பழைய அழுக்கு உறைந்திருக்க வேண்டும். அமிலத்தால் செயற்கையாகப் பழமை ஏற்றிய வாளில், கை படும் இடத்திலும் படாத இடத்திலும் ஒரே சீராகத் துரு இருக்கும். வார்ப்பில் செய்த போலியில் கழுகின் இறகுகள் மழுங்கி, சிறு சிறு குழிகள் தென்படும்.

போலி முத்திரை நம் காலத்தின் கண்டுபிடிப்பு அன்று. பாசாவ் நகரக் கொல்லர் அலகில் பொறித்த 'ஓடும் ஓநாய்' சின்னம் புகழ்பெற்றதும், சோலிங்கன் கொல்லரும் அதையே பொறித்தனர். அந்திரேயா ஃபெராரா என்ற இத்தாலியக் கொல்லரின் பெயரைத் தம் அலகுகளில் வெட்டி ஸ்கொட்லாந்துக்கு அனுப்பினர். ஐரோப்பிய அலகுகள் கடல் கடந்து நம் நாட்டுக்கும் வந்தன. தக்காணத்திலும் தஞ்சையிலும் அவற்றுக்கு உள்நாட்டுப் பிடி பொருத்தினர். இத்தகைய வாள்களைப் 'பிரங்கி' என்றனர். நம் 'பறங்கி' என்ற சொல்லும் அதே வேரிலிருந்து முளைத்ததுதான். தஞ்சை அரண்மனை ஆயுதசாலையின் வாள்களைச் சென்னை எழும்பூர் அரும்பொருளகத்தில் காணலாம். ஐரோப்பிய முத்திரைக்கு இருந்த மதிப்பைக் கண்ட இந்தியக் கொல்லர், தாம் வடித்த நல்ல அலகுகளிலும் அந்நிய முத்திரைகளை வெட்டினர். உலகமே வியந்த உருக்கைச் செய்த மண்ணின் கைவினைஞன், தன் பெயரை மறைத்து அயலான் பெயரைப் பொறித்துக்கொண்டான். விலைக்காகப் பெயரை மாற்றும்போது முதலில் மறைந்துபோவது செய்தவனின் உழைப்பே.

திருச்சபையும் இந்தச் சிக்கலை நன்கு அறியும். புனிதர்களின் திருப்பண்டங்கள் என்ற பெயரில் மத்திய காலத்தில் நடந்த வணிகம் நமக்கு வெட்கம் தருவது. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் திருப்பண்டங்களை விற்பதைத் தடுத்தது. 1563இல் திரெந்துச் சங்கம், ஆயரின் ஆய்வும் ஏற்பும் இன்றிப் புதிய திருப்பண்டம் எதையும் ஏற்கலாகாது என்று விதித்தது. இன்றைய திருச்சபைச் சட்டமும் விற்பனையை முற்றாகத் தடைசெய்கின்றது. ஆகவேதான் திருப்பண்டப் பேழையை நூலால் கட்டி அரக்கு முத்திரையிட்டு, கூடவே ஒரு சான்றுக் கடிதமும் வைப்பர். கையொப்பம் இடுகின்றவர் தம் மனச்சாட்சியையே அங்கு ஈடு வைக்கின்றார். 'ஒரு கையெழுத்துத்தானே' என்று அவர் சொன்னபோது நான் தயங்கியதன் காரணம் இது.

வாள் என்ன சொல்லிற்று? அலகு நேராக இருந்தது. சிங்கம் இல்லை, தந்தம் இல்லை, நங்கூரம் இல்லை. கைக்காப்பில் கழுகு, பிடியில் வில்ஹெல்மின் பெயரெழுத்து, கீல் தேய்ந்திருந்தது, மீன்தோல் சுருங்கியிருந்தது. போலியன்று, நூற்றாண்டைக் கடந்த உண்மையான வாள்தான். ஆனால் தரைப்படைக் காலாட் அதிகாரியின் வாள். எந்தக் கப்பலிலும் பணியாற்றிய கடற்படை அதிகாரியின் வாள் அன்று.

பொருளைக் கேட்டாயிற்று, இனி ஆவணத்தைக் கேட்க வேண்டும். முதலாம் உலகப் போரில் பணியாற்றிய அவுஸ்திரேலியப் படைவீரரின் சேவைக் கோப்புகளை தேசிய ஆவணக் காப்பகம் எண்ணிமப்படுத்தி, எவரும் இலவசமாகப் பார்க்கும்படி வைத்துள்ளது. நம்மவரின் மகளே ஒரு மாலைப்பொழுதில் அந்த அம்மையாரின் தந்தையின் கோப்பைக் கண்டெடுத்தாள். அவர் படையில் சேர்ந்தது 1916இல். எம்டன் அழிந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர். அவர் கடற்படையிலும் இல்லை. காலாட்படை வீரராகப் பிரான்சுக்குச் சென்று, 1918இல் சோம் நதிக்கரைப் போர்களில் பங்கேற்று, ஒருமுறை காயமுற்று, 1919இல் வீடு திரும்பியவர்.

அவுஸ்திரேலிய வீரர் போர்க்களத்திலிருந்து பலவற்றைக் கொண்டுவந்தனர். 1917இல் நிறுவப்பட்ட அவுஸ்திரேலியப் போர்ப் பதிவுப் பிரிவு, மெல்பேர்ணைச் சேர்ந்த ஜோன் திரெலோவரின் பொறுப்பில், கைப்பற்றிய பொருள்களுக்கு எந்தப் படைப்பிரிவு கைப்பற்றியது என்ற சீட்டுக் கட்டிச் சேகரித்தது. கன்பராவிலுள்ள போர் நினைவகம் அந்தச் சீட்டுகளின் மேல் எழுந்தது என்றே சொல்லலாம். வீரரின் பொதிக்குள் வந்த பொருள்களுக்கோ சீட்டு இல்லை. இந்த வாள் எந்தக் கிராமத்தில், எந்தப் பதுங்குகுழியில் கிடைத்தது, பணம் கொடுத்து வாங்கியதா, இறந்த ஒருவனிடமிருந்து எடுத்ததா, இவற்றை நான் இட்டுக்கட்டப் போவதில்லை.

உயிர்த்த ஞாயிறுக்குப் பின் ஒரு நாள் நாங்கள் இருவரும் முதியோர் இல்லத்திற்குச் சென்று அந்த அம்மையாரைச் சந்தித்தோம். சேவைக் கோப்பின் படியை மெல்ல வாசித்துக் காட்டினோம். தந்தையின் கையொப்பத்தை அவர் விரலால் தடவிப் பார்த்தார். நெடுநேரம் பேசவில்லை. பின்னர் சொன்னார்: எம்டன் என்று தந்தை ஒருபோதும் கூறவில்லையாம். போரைப் பற்றி அவர் வாயே திறந்ததில்லையாம். பள்ளிக்கூடத்தில் பிற பிள்ளைகள் தத்தம் தந்தையரின் வீரக் கதைகளைச் சொன்னபோது, இவருக்குச் சொல்ல ஒன்றுமில்லாமல் போயிற்று. பாடப் புத்தகத்தில் இருந்த ஜேர்மானியக் கதை எம்டன் ஒன்றுதான். சிறுமியாக ஒருநாள் சொன்ன அந்த வாக்கியத்தை எண்பது ஆண்டுகள் சொல்லிச் சொல்லித் தானே நம்பிவிட்டார். தந்தை அதைக் கேட்டும் மறுக்கவில்லை. எழுந்து வெளியே சென்றுவிடுவாராம்.

"அவர் காயமுற்றது எனக்குத் தெரியாது" என்று கூறி அவர் அழுதார். எம்டன் கதை அவரது தந்தைக்கு ஒரு மகுடம் சூட்டியது. ஆனால் அந்த மகுடத்தின் கீழ் தந்தையின் முகம் மறைந்திருந்தது. ஒரு பொய்யை எடுத்த இடத்தில் ஒரு மனிதர் திரும்பி வந்தார்.

நம்மவர் அந்தக் கடிதத்தில் கையொப்பமிடவில்லை. பதிலாக வேறொரு தாளில் எழுதினார்: வாளைக் கொடுத்தவர் யார், எந்த நாள், அவர் சொன்னது என்ன, ஆய்ந்தபோது கண்டது என்ன, சேவைக் கோப்பு கூறுவது என்ன. கீழே அவரும் அந்த அம்மையாரும் ஒப்பமிட்டனர். வாளை அந்தத் தாளோடு சேர்த்துத் தொண்டர்கள் நடத்தும் படைத்துறை அரும்பொருளகம் ஒன்றிற்கு வழங்க முன்வந்துள்ளனர், மறுமொழிக்காகக் காத்திருக்கின்றனர். பணம் கிடைக்கவில்லை. வீட்டுக் கடன் அப்படியே இருக்கின்றது. இதை மறைத்து, 'நன்மை செய்தார், உடனே கைம்மாறு பெற்றார்' என்று எழுதினால் நானும் ஒரு போலி வாளை உங்களிடம் விற்றவனாவேன்.

திரும்பி வரும் வழியில், காரில் அவர் சொன்ன ஒரு வார்த்தையே இந்தப் பதிவை எழுத வைத்தது. "பாதர், என்ர அப்பாவைப் பற்றி இப்பிடி ஒரு தாள்கூட என்னட்டை இல்லை."

உறவுகளே, இது நம் எல்லோருடைய நிலை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியவர்களுள் எத்தனை பேர் பெட்டகத்தைத் திறந்து உறுதிகளையும் திருமண நிழற்படங்களையும் எடுத்துவர முடிந்தது? அந்தப் போயர் காப்பாளருக்கும் அந்த அவுஸ்திரேலிய வீரருக்கும் ஒரு கோப்பாவது இருந்தது. நம் தந்தையருள் பலருக்கு அதுவும் இல்லை. நம்மிடம் எஞ்சியிருப்பவை சில பொருள்களும் சில கதைகளும் மட்டுமே: அம்மம்மாவின் செபமாலை, பித்தளைச் செம்பு, மூலை கிழிந்த ஒரு படம். அவற்றோடு தாள் எதுவும் இல்லை. இன்னும் இருபது ஆண்டுகளில் உங்கள் பிள்ளைகள் அவற்றைக் கையில் எடுத்து, தமக்குத் தெரிந்த ஏதோ ஒரு கதையை ஒட்டிவைப்பார்கள். அந்தப் பிள்ளைகளைக் குறை கூற இயலாது. நாம்தான் சொல்லாமல் போனவர்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த வாரம் வீட்டிலுள்ள ஒரு பழம்பொருளை எடுங்கள். ஒரு தாளில் எழுதுங்கள்: இது யாருடையது, எவ்வூரில் இருந்தது, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது. கண்டதைக் 'கண்டேன்' என்றும், கேட்டதைக் 'கேட்டேன்' என்றும், தெரியாததைத் 'தெரியவில்லை' என்றும் பிரித்து எழுதுங்கள். நாள் இட்டு ஒப்பமிடுங்கள். அதைப் பிள்ளைகளுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசித்துக் காட்டுங்கள். சொல்ல முடியாத துயரம் இருந்தால், 'இதைப் பற்றி இப்போது என்னால் சொல்ல இயலவில்லை' என்று மட்டுமேனும் எழுதிவையுங்கள். மௌனத்தையும் மெய்யாகவே கையளிக்கலாம். அதன்மேல் வேறொருவரின் கதையை ஒட்டவேண்டியதில்லை.

பொய்ச்சான்று சொல்லாதே என்ற கட்டளையை நாம் பெரும்பாலும் அயலாருக்கு எதிரான குற்றமாகவே படித்திருக்கின்றோம். இறந்தோருக்கும் அது பொருந்தும். அவர்களைப் பெரியவர்களாக்கிச் சொல்லும் பொய்யும் பொய்ச்சான்றே. அவர்கள் எவ்வாறு வாழ்ந்தார்களோ அவ்வாறே நினைவுகூரப்படும் உரிமை அவர்களுக்கு உண்டு.

அந்த அம்மையாருக்காகவும், 1919இல் மௌனமாக வீடு திரும்பிய அவரது தந்தைக்காகவும், அந்த வாளை முதலில் இடையில் அணிந்திருந்த, பெயர் அறியாத ஜேர்மானியருக்காகவும் ஒரு செபம் சொல்லிக்கொள்ளுங்கள்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை